ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு வேத வசனமும்: கிறிஸ்தவர்கள் விவிலியத்தை எப்படி வாசிக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை முடிந்ததும் தெருவுக்குச் சுண்டல் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவயதில் என் வேலை. பாளையங்கோட்டைப் பக்கம், பாதிக்குப் பாதி கிறிஸ்தவ வீடுகள் உள்ள தெரு. "சாமிக்குப் படைத்தது என்று சொல்லிக் கொடு. மறைத்துக் கொடுக்கக் கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார். அடுத்த வீட்டு அத்தை கத்தோலிக்கர். கிண்ணத்தை வாங்கி, வாசலில் நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார். எதிர்வீட்டு டீச்சர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். "அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், தம்பி. இது மட்டும் வேண்டாம்" என்று என் தலையைத் தடவி அனுப்பிவிடுவார்.

இருவர் வீட்டு அலமாரியிலும் பைபிள் இருந்தது. ஏன் என்று கேட்டால் இருவருமே "வேதத்தில் சொல்லியிருக்கிறது" என்றார்கள்.

வளர்ந்த பிறகு எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போனது. அந்தக் கேள்வி விட்டுப்போகவில்லை. ஒரே புத்தகம் எப்படி இரண்டு பதில் தரும்? இதைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கையாளர்கள் பலர் "பைபிளில் தெளிவாக எழுதியிருக்கிறது, அதற்கு மேல் என்ன பேச்சு?" என்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் பலர் "தங்களுக்கு வசதியான வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே பிழை இருக்கிறது. எழுத்திலிருந்து செயலுக்கு நேராக ஒரு கோடு ஓடுகிறது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. நடுவில் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எந்தப் புத்தகம்?

விவிலியம் ஒரே புத்தகம் போலத் தைக்கப்பட்டிருந்தாலும் அது ஒரு நூலகம். சட்டம், வரலாறு, பாட்டு, பழமொழி, புலம்பல், கடிதம் எல்லாம் அதில் உண்டு. எழுதி முடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்திலும் சில பகுதிகள் அரமேயத்திலும் எழுதப்பட்டவை. புதிய ஏற்பாடு கிரேக்கம்.

எட்டுத்தொகை என்று இன்று நாம் சொல்வதில் எந்தெந்த நூல்கள் சேரும் என்பதை அந்தக் கவிஞர்கள் முடிவு செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் தொகுத்தார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒரு சமயம் தனக்கு அதிகாரமுள்ளவை என்று ஏற்றுக்கொண்ட நூல்களின் பட்டியலைத் 'திருமுறை' என்கிறார்கள். இன்று எல்லாரும் ஏற்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதம். இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல், புதிய ஏற்பாட்டில் சேர்ந்த தம் கடிதங்களை எழுதி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து! அந்த முந்நூறு ஆண்டுகளும் கிறிஸ்தவர்கள் ஜெபித்தார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அப்பம் பிட்டார்கள், தங்கள் பிணங்களைப் புதைத்தார்கள். கையில் முழுப் பட்டியல் இல்லாமலே சபை நடந்துகொண்டிருந்தது. புத்தகம் சபையை உருவாக்கியது என்பது பாதி உண்மை. சபை புத்தகத்தைத் தொகுத்தது என்பது மறுபாதி.

பட்டியல் இன்றும் எல்லாருக்கும் ஒன்றல்ல. புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கர்களுடையதில் 73, எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையில் 81. கத்தோலிக்கர்கள் 'இணைத் திருமுறை' என்று போற்றும் நூல்களைப் புராட்டஸ்டன்டுகள் 'தள்ளுபடி ஆகமங்கள்' என்று ஒதுக்குகிறார்கள். இது வெறும் எண்ணிக்கைச் சண்டை இல்லை. நவம்பர் 2 அன்று கத்தோலிக்கர்கள் கல்லறைக்குப் போய் இறந்தவர்களின் ஆன்மாக்களுக்காக மன்றாடுகிறார்களே, அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம். அந்த நூலே புராட்டஸ்டன்ட் பைபிளில் கிடையாது. ஆக, "வேதத்தில் இருக்கிறதா?" என்று கேட்பதற்கு முன்பே "யாருடைய வேதத்தில்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எந்தப் படி, எந்தச் சொல்?

சுவடிகளோடு பழகிய தமிழருக்குப் பாடபேதம் என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: கையால் படியெடுக்கும்போது ஒரே நூலின் படிகளுக்குள் நேரும் வேறுபாடுதான் பாடபேதம். விவிலிய ஆசிரியர்கள் தம் கையால் எழுதிய மூலப்படி ஒன்றுகூட இன்று இல்லை. புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலான வேறுபாடுகள் எழுத்துப் பிழைகள். சில அப்படியல்ல. "உங்களில் பாவமில்லாதவன் முதலில் கல்லெறியட்டும்" என்ற வாசகம் பைபிளைத் தொடாதவர்களுக்கும் தெரியும். அந்தக் காட்சி யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கப் படிகளில் இல்லை. இன்றைய நல்ல பதிப்புகள் அதை அடைப்புக்குறிக்குள் போட்டோ, அடிக்குறிப்பு கொடுத்தோ இதைச் சொல்லிவிடுகின்றன. இதை ஒரு நம்பிக்கையாளரிடம் வெற்றிப் பெருமிதத்தோடு எடுத்துச் சொல்லும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்து அச்சிட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ அறிஞர்களே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஏசாயா 7:14-இல் வரும் எபிரேயச் சொல் 'அல்மா'. அதற்கு இளம்பெண் என்று பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் 'கன்னி' என்று பொருள்படும் 'பார்த்தெனோஸ்' ஆக்கியது. மத்தேயு நற்செய்தி கிரேக்கத்தையே மேற்கோள் காட்டுகிறது. ஒரு சொல்லின் இந்தப் பயணத்தைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக யூதர்களும் கிறிஸ்தவர்களும் வாதிட்டுவருகிறார்கள்.

தமிழில் கடவுளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதே பெரிய வழக்காக இருந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதில் 'சர்வேசுரன்'. பின்னால் ஃபப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருப்பது அதுதான். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. நாலு சொல்லுக்கும் பின்னால் நாலு முடிவு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பார்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் உழைத்தது பலரும் அறிந்ததே. நாவலர் உறுதியான சைவர், பின்னால் கிறிஸ்தவப் பிரசாரத்தைக் கடுமையாக எதிர்த்தவர். நம்பாதவர் ஒருவர் அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்டார். பழைய ஏற்பாட்டில் தூபமும் பலியும் ஆலயச் சடங்கும் இருக்கும்போது எங்கள் பூஜையை மட்டும் ஏன் பழிக்கிறீர்கள் என்ற அவருடைய கேள்வியில் அந்தப் படிப்பின் கனம் தெரிகிறது. நம்பாதவன் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நான் பின்பற்ற விரும்பும் முன்மாதிரி அவர்.

இதுவரை பார்த்தது: ஒரு வசனம் நம் கைக்கு வருவதற்கு முன்பே மூன்று தேர்வுகள் நடந்துவிட்டன. எந்த நூல், எந்தப் படி, எந்தச் சொல். இன்னும் பொருள் கொள்ளவே தொடங்கவில்லை.

எவ்வகை எழுத்து?

"யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற பாட்டைப் படித்துவிட்டு, அந்தக் காதலர்களின் ஊர் எது, திருமணம் எப்போது நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அது அகப்பாட்டு என்பது நமக்குத் தெரியும். எழுத்தின் வகை தெரிந்தால்தான் அதனிடம் எதைக் கேட்கலாம் என்பது தெரியும்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில், செடிகொடிகள், விலங்குகள், கடைசியில் மனிதர் என்று கடவுள் படைத்த வரிசை. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், பிறகு பெண். இதை விஞ்ஞானக் குறிப்பாக வாசித்தால் முரண்பாடு. தொகுத்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது.

"டார்வின் வந்து மாட்டிக்கொண்ட பிறகுதானே 'உருவகம்' என்று சொல்லத் தொடங்கினார்கள்?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன். வரலாறு அப்படி இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், சூரியன் படைக்கப்படுவதற்கு முன் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன, அறிவுள்ளவர் யாராவது இதை அப்படியே எடுத்துக்கொள்வாரா என்று எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் என்ற ஆயர், வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்த பிற சமயத்தவர் முன்னால் வேதத்தின் பெயரால் அபத்தம் பேசி அதை இகழ்ச்சிக்கு ஆளாக்காதீர்கள் என்று தம் மக்களை எச்சரித்தார். எழுத்துக்கு எழுத்து வாசிப்பதும் உண்டு, அதுவும் பழையதுதான். ஆனால் அது ஒன்றே ஆதி வாசிப்பு என்பது சரியல்ல.

எழுதப்பட்டதன் பொருளை ஒழுங்கான விதிகளோடு தேடுவதற்குக் கிறிஸ்தவர்கள் 'வியாக்கியானம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் மரபில் இதுவே உரை. "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்" என்ற குறளுக்குப் பரிமேலழகர், அவள் பெய் என்று சொன்னால் மழை பெய்யும் என்று பொருள் சொன்னார். பின்னால் வந்த சிலர், அவள் வேண்டும்போது பெய்கிற மழையைப் போன்றவள் என்றார்கள். இரண்டு உரை இருப்பதால் எந்த உரையும் சரி என்று ஆகிவிடுமா? சொல், இலக்கணம், முன்பின் குறள்கள், அந்தக் கால வழக்கு எல்லாம் உரைகாரரைக் கட்டுப்படுத்துகின்றன. விவிலிய வியாக்கியானமும் அப்படியே. அதற்குள் சுதந்திரம் உண்டு, வேலியும் உண்டு.

சுண்டலுக்கு வருவோம்

இப்போது அந்தக் கிண்ணத்தை நடுவில் வைத்துப் பார்க்கலாம். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் தோன்றியது அல்ல. புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே அது கொதித்துக்கொண்டிருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் எருசலேமில் கூடிய ஒரு சங்கத்தைச் சொல்கிறது. யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவர்களானால் விருத்தசேதனம், அதாவது ஆண்களின் முன்தோலை நீக்கும் சடங்கு, செய்துகொள்ள வேண்டுமா? வேதம், அதாவது அன்று அவர்கள் கையில் இருந்த எபிரேய வேதம், அதை என்றென்றைக்குமான உடன்படிக்கை என்கிறது. இருந்தும் நீண்ட வாதத்துக்குப் பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நாலு விஷயங்களை மட்டும் விலக்கச் சொன்னார்கள்: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டது, வேசித்தனம். எனக்கு இந்த அதிகாரம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. தெளிவான ஒரு கட்டளையை எடுத்து, புதிய அனுபவத்தின் வெளிச்சத்தில் கூடிப் பேசி, வேறு முடிவுக்கு வருவதை அந்தப் புத்தகமே பதிவு செய்து வைத்திருக்கிறது. வியாக்கியானம் செய்வது பின்னால் வந்தவர்களின் தந்திரம் என்று இதைப் படித்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

கி.பி. 50-களின் நடுவில் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதுகிறார். அந்த ஊரில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி கடைக்கும் வந்தது. கோயிலை ஒட்டியே விருந்துக் கூடங்கள் இருந்தன. மருத்துவக் கடவுளான அஸ்கிலேப்பியஸின் ஆலயத்தில் அப்படிப்பட்ட கூடங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். திருமணம், பிறந்தநாள், நண்பர்களின் விருந்து எல்லாம் அங்கே நடக்கும். அங்கே சாப்பிடாதே என்றால் ஊரோடு ஒட்டாதே என்று சொன்னதாக ஆகிவிடும். நம் ஊர்க் கொடை விழாவை நினைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் உடனே புரியும்.

முதல் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல், விக்கிரகம் என்பது ஒன்றுமே இல்லை, உணவு நம்மைக் கடவுளிடம் சேர்க்கப்போவதில்லை என்கிறார். அதனால் சாப்பிடலாம் என்றுதானே முடிய வேண்டும்? அடுத்த வரியிலேயே திரும்புகிறார். எல்லாருக்கும் இந்தத் தெளிவு இல்லை; நேற்றுவரை அந்தத் தெய்வத்தைக் கும்பிட்டவன், நீ கோயில் விருந்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சாப்பிட்டு இடறிவிழுவான்; என் உணவு என் சகோதரனை இடறச் செய்யும் என்றால் நான் ஒருக்காலும் இறைச்சி உண்ணமாட்டேன். பத்தாம் அதிகாரத்தில் குரல் கடுமையாகிறது: பேய்களின் பந்தியிலும் ஆண்டவரின் பந்தியிலும் ஒருங்கே உட்கார முடியாது. அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே: கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, நம்பாதவர் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே. புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தலோ, படைத்ததை உண்ணவைக்கிறவர்களைக் கடிந்துகொள்வதோடு, மனம் மாறாவிட்டால் தண்டனை வரும் என்றும் எச்சரிக்கிறது.

அத்தை எட்டாம் அதிகாரத்தின் முதல் பாதியில் நின்றார். டீச்சர் பத்தாம் அதிகாரத்தில் நின்றார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

தமிழ்ச் சொல் ஒன்றும் இங்கே வேலை செய்கிறது. கிரேக்கத்தில் 'எய்டோலோன்' என்றால் வெற்று உருவம், போலி, நிழல்; இகழ்ச்சி கலந்த சொல். தமிழில் அதற்கு வந்து அமர்ந்த சொல் 'விக்கிரகம்'. அது கோயிலுக்குப் போகிறவர்கள் மரியாதையோடு சொல்லும் சொல். முதல் நூற்றாண்டுக் கொரிந்துவின் சண்டை, மொழிபெயர்ப்பின் வழியாக நேராக எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது.

அந்த நாலு தடைகளில் இரத்தமும் ஒன்று. ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிடும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் எத்தனையோ. பெரும்பாலான சபைகள் அந்தத் தடை யூதரும் பிறரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டியிருந்த அந்தக் காலத்துக்கானது என்று கொள்கின்றன. யெகோவாவின் சாட்சிகளோ அதே வரியை வைத்து மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொள்ளவே மறுக்கிறார்கள். ஒரு வரி; ஒருவருக்கு அது முடிந்துபோன ஏற்பாடு, இன்னொருவருக்கு உயிரைப் பணயம் வைக்கும் கட்டளை.

சுருக்கமாக: ஒரு கட்டளையைப் படிக்கும் கிறிஸ்தவர், தெரிந்தோ தெரியாமலோ, இது யாருக்குச் சொல்லப்பட்டது, எதற்காக, அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா என்று முடிவு செய்துகொண்டுதான் கீழ்ப்படிகிறார் அல்லது கடந்துபோகிறார்.

தீர்ப்பு யார் கையில்?

சட்டப் புத்தகம் கடையில் கிடைக்கிறது, யாரும் வாங்கிப் படிக்கலாம். வழக்கு என்று வந்தால் தீர்ப்பு எழுத நீதிபதி வேண்டும். சபைப் பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது இந்த ஒப்புமையால்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை, எழுதப்பட்ட வேதமும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்ட போதனையும் வழிபாடும் சேர்ந்தே கடவுளின் வார்த்தையைத் தருகின்றன என்கிறது. இந்தக் கையளிப்புக்குத்தான் 'மரபு' என்று பெயர். இரண்டுக்கும் அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லும் பொறுப்பு ஆயர்களுக்கும் திருத்தந்தைக்கும் உரியது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதையே மறுபடி உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் உள்ள அமைப்பு.

மார்ட்டின் லூத்தர் 1521-இல் வோர்ம்ஸ் நகரப் பேரவையில், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னை இணங்கவைத்தால் ஒழிய என் எழுத்தைத் திரும்பப் பெறமாட்டேன் என்று நின்றார். வேதமே கடைசி நீதிபதி. அந்தத் துணிவு எனக்கு இன்றும் பெரிதாகவே தோன்றுகிறது. ஆனால் எட்டே ஆண்டுகளில் அதன் விலையும் தெரிந்தது. 1529-இல் மார்புர்க் கோட்டையில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தக்காரரான சுவிங்கிலியும் சந்தித்தார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். மிஞ்சியது இராப்போஜனம், அதாவது சபையாகக் கூடி அப்பமும் இரசமும் பகிர்ந்துகொள்ளும் சடங்கு. "இது என் சரீரம்" என்று இயேசு சொன்னாரே, அந்த அப்பத்தில் அவர் மெய்யாகவே இருக்கிறாரா, அல்லது 'இது என் சரீரத்தைக் குறிக்கிறது' என்று பொருளா? லூத்தர் அந்த வாசகத்தை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு அதைவிட்டு அசையவில்லை. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் கிரேக்கம் படித்தவர்கள், இருவருக்கும் வேதமே முடிவு. 'இது' என்பதற்கும் 'சரீரம்' என்பதற்கும் உள்ள உறவில் பிரிந்துபோனார்கள். வேதம் பேசும், இரண்டு வாசகர்கள் அதை இரண்டாகக் கேட்டால் யார் கேட்டது சரி என்று அது எழுந்துவந்து சொல்லாது.

பெந்தெகொஸ்தே சபைகள், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் மூண்ட எழுப்புதலுக்குப் பிறகு உலகெங்கும் பரவியவை, தூய ஆவியானவர் வாசிக்கிறவருக்கு நேரடியாக உணர்த்துகிறார் என்பதை அழுத்துகின்றன. நடைமுறையில் பெரும்பாலும் பாஸ்டரின் பிரசங்கமே வழிகாட்டி. பிளவு மட்டும்தான் கதை என்று நினைக்க வேண்டாம். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சென்னையில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையானது, திருச்சபை வரலாற்றில் அரிய நிகழ்வு.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது நாளைய நடைமுறையை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். பெண்கள் சபையில் பேசாமல் இருக்கட்டும் என்று முதல் கொரிந்தியர் 14 சொல்கிறது. அதே கடிதத்தின் 11-ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. தென்னிந்தியத் திருச்சபை தன் சங்கத்தில் பேசி முடிவெடுத்துப் பெண்களுக்குக் குருத்துவம் கொடுத்தது. 2013-இல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெண்களைக் குருக்களாக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதினார். வசனங்கள் இரு தரப்புக்கும் ஒன்றே.

அப்படியானால் இது வசதிக்கு வளைப்பது இல்லையா?

நம்பாதவனின் கடைசிக் கேள்வி இது, நியாயமான கேள்வி. சில நேரம் பதில், ஆம், வளைத்தார்கள் என்பதுதான். அமெரிக்காவில் "அடிமைகளே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற எபேசியர் வசனத்தை எஜமான்கள் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்கவைத்தார்கள். அடிமைகளோ அதே புத்தகத்தில் எகிப்திலிருந்து விடுதலையாகி வந்தவர்களின் கதையைக் கண்டுபிடித்துப் பாடினார்கள். 1845-இல் அடிமைமுறைப் பிரச்சினையில் பிரிந்து உருவான தெற்கத்திய பாப்டிஸ்டு சபைக் கூட்டமைப்பு, மன்னிப்புக் கேட்டது 1995-இல்.

நம் ஊருக்கு வந்தால் அடிமைமுறையின் இடத்தில் சாதி. "யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை, அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை" என்று கலாத்தியர் 3:28 சொல்கிறது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும்படி, கால்சட்டை போல இரண்டு கால்களாகக் கட்டப்பட்டது. நடுவில் சுவர். 1910-இல்தான் சுவர் இடிக்கப்பட்டது; அதை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, சுவரைக் கேட்டவர்கள் தோற்றார்கள். இன்றும் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கும் ஊர்கள் உண்டு.

அந்த வசனத்தை அவர்கள் படிக்காமல் இல்லை. 'சாதி சமூக வழக்கம், சமயம் அல்ல; ஆகவே வசனம் அதைத் தொடாது' என்ற ஒரு வகைப்படுத்தல் வழியாகக் கடந்துபோனார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைத் துறவி தெ நொபிலி காலம் முதல் அந்த வாதம் இருந்தது. கிறிஸ்தவப் புலவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் அவ்வாறே வாதிட்டார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. வழக்கம், சமயம் என்ற அதே பிரிப்பு, உடுத்தும் உடைக்கும் பண்பாட்டுக்கும் பயன்பட்டால் நல்லது. மனிதரைப் பிரிக்கும் சுவருக்குப் பயன்பட்டால் கொடுமை. கருவி ஒன்றுதான்.

அதனால் "நீங்கள் வியாக்கியானம் செய்கிறீர்கள்" என்பதை நான் இப்போது யாரிடமும் குற்றச்சாட்டாகச் சொல்வதில்லை. செய்யாமல் ஒரு வரியைக்கூட வாசிக்க முடியாது. நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். இந்த வசனத்தை வாசிக்கும் விதியையே உங்களுக்கு எதிரான வசனத்துக்கும் பயன்படுத்துவீர்களா? இந்த வாசிப்பால் இழப்பு யாருக்கு: வாசிக்கிற உங்களுக்கா, பக்கத்தில் இருக்கிறவனுக்கா? வடக்கன்குளத்துச் சுவருக்கு முன்னால் இந்தக் கேள்விகளை வைத்தால் விடை தெரிந்துவிடும்.

டீச்சரிடமும் கேட்டேன். அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் சுண்டலை அருவருத்துத்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கேட்கவே தயக்கமாக இருந்தது, இருந்தும் கேட்டுவிட்டேன்.

"அருவருப்பா? உங்க அம்மா கை சுண்டல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?" என்றார். அந்த நாட்களில் அவர் வீட்டு ஜெபத்துக்கு ஒரு இளம்பெண் வந்துகொண்டிருந்தாளாம். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவள், அதற்காகப் பிறந்த வீட்டை விட்டு வந்தவள். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயந்து நடுங்குவாள். "எனக்கு அது வெறும் கொண்டைக்கடலைதான், தம்பி. அவள் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் கிண்ணத்தை வாங்கினால் அவளும் சாப்பிட வேண்டிவரும். சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க அழுவாள்."

பிறகு உள்ளே போய்த் தம் பைபிளை எடுத்துவந்து, எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைக் காட்டினார். அதன் ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைத்திருந்தார்.